பைக்குள் போன கை

சக்கர நாற்காலி தள்ளும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் நான்கு பேர் இதுவரை என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். பயணி டிப்ஸ் கொடுத்தால் வாங்கலாமா? ஐந்தாவதாக ஒருவர், "குடுக்காம போனா இன்னா சார் பண்றது?" என்று கேட்டார். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடலாம். கேட்காதே. கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள். கொடுக்காவிட்டாலும் அதே வணக்கத்தைச் சொல். இத்தோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் டிப்ஸ் விஷயத்தில் நம் ஆட்கள் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் என்று நான் போட்ட ஒரு விதி, ஒரு பெண்மணியைச் சாவின் வாசல்வரை கொண்டுபோய் விட்டது. இத்தனை வருஷம் கழித்தும் அதை எழுத உட்கார்ந்து பாதியில் எழுந்துவிடுகிறேன். அதனால் எழுதிவிடுவதே நல்லது.

நான் முதலில் விமான நிலையத்து ஆள் இல்லை. ஹார்பரில் இருபத்திரண்டு வருஷம் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் கிரேனுக்குப் பக்கத்தில் நின்று எண்ணுவது என் வேலை. எண்ணி எண்ணி அது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. திருவொற்றியூரில் என் வீட்டிலிருந்து ரயில் நிலையம், என் காலடிக் கணக்கில், ஆயிரத்து நூற்று நாற்பது அடி. மழைக்காலத்தில் சுற்றிப் போக வேண்டும், அப்போது ஆயிரத்து முந்நூறு. கண்டெய்னர்கள் வந்ததும் எண்ணுவதற்கு மூட்டை இல்லாமல் போனது. தொண்ணூறுகளின் கடைசியில் விருப்ப ஓய்வு என்ற பெயரில் எங்களை அனுப்பிவைத்தார்கள். விருப்பம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஹார்பருக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்த ராயபுரம் கான்ட்ராக்டர் ஒருவருக்கு, மீனம்பாக்கம் விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளும் கான்ட்ராக்ட் கிடைத்தது. அவரிடம் வேலையில்லாமல் நின்ற ஆட்கள் இருந்தார்கள். மேற்பார்வைக்கு, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். ஆட்கள் இருபத்தாறு பேர். நாற்காலிகள் பதினான்கு. அதில் இரண்டு எப்போதும் பிரேக் பிடிக்காது. தினமும் பீச் ஸ்டேஷனில் மாறி, திரிசூலத்தில் இறங்கி, எல்லாரும் கூட்டமாகவே வருவோம், போவோம்.

ஆட்கள் எல்லாருமே ஹார்பரில் தோள் காய்த்தவர்கள். நாற்காலி தள்ளுவது அவர்களுக்கு ஒரு வேலையே இல்லை. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஹார்பரில் ஒரு பழக்கம் உண்டு. லாரியில் சரக்கு ஏற்றி முடித்ததும் வேலைக்காரன் வாய் திறக்க மாட்டான். லாரியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பான். டிரைவர் மாமூல் கொடுக்கும்வரை கை கதவை விட்டு எடுக்காது. கேட்கவும் இல்லை, விடவும் இல்லை. அதுதான் அங்கே முறை, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதே முறையை இவர்கள் இங்கேயும் கொண்டுவந்துவிட்டார்கள். பயணியைக் கார் வந்து நிற்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, நாற்காலியின் கைப்பிடியை விடாமல் நிற்பார்கள். பயணி உட்கார்ந்தபடியே இருப்பார். யாராவது பணப்பையைத் திறக்கும்வரை நாற்காலி நகராது.

இரண்டாவது மாதமே ஒரு புகார்க் கடிதம் வந்தது. 'நடக்க முடியாத என் தாயாரைப் பணயக் கைதியைப் போல நாற்காலியில் வைத்துக்கொண்டு நின்றான்' என்று ஒருவர் எழுதியிருந்தார். கான்ட்ராக்டர் ராயபுரம் ஆபீசில் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"இன்னொரு லெட்டர் வந்துச்சின்னா கான்ட்ராக்ட் காலி. இருவத்தாறு வூட்டுல அடுப்பு எரியாது. புரியுதா உங்களுக்கு?"

புரிந்தது. அன்று இரவெல்லாம் யோசித்து மறுநாள் ஒரு விதி போட்டேன். எழுத்தில் இல்லை, வாய்மொழியாக. பயணியை அழைத்துப்போக வந்தவர் கண்ணில் பட்டதும் பயணியைச் சிமெண்டு பெஞ்சில் பத்திரமாக உட்கார வை. பையைக் கையில் கொடு. வணக்கம் சொல். பயணியின் கை பைக்குள் போனால், பணம் எடுக்கிறார் என்று அர்த்தம். அந்த நேரத்தில் அவர் கையையும் பார்க்காதே, முகத்தையும் பார்க்காதே. பார்த்தால் எதிர்பார்ப்பதுபோல் ஆகும். நாற்காலியைத் திருப்பு. பன்னிரண்டு அடி நட, திரும்பிப் பார்க்காமல். சத்தமாகக் கூப்பிட்டால் மட்டும் நில்.

பன்னிரண்டு என்பது நான் நடந்து பார்த்து எடுத்த கணக்கு. பெஞ்சிலிருந்து அத்தனை அடியில் மூன்றாவது தூண் வரும். தூணைத் தாண்டிவிட்டால் பயணியின் கண்ணில் நாம் பட மாட்டோம், அவருக்குச் சங்கடம் இருக்காது.

ஆட்கள் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது ஏழுமலை. காசிமேட்டுக்காரர், நாற்பது வயதைத் தாண்டியவர், ஹார்பரில் பதினெட்டு வருஷம் மூட்டை தூக்கியவர்.

"பன்னெண்டு அடி இன்னா கணக்கு சார்? நவகிரகமே ஒம்போதுதான், நீங்க மூணு எக்ஸ்ட்ரா போட்டுக்கினீங்க!"

"சிரிக்காதய்யா. செய்."

"செய்றேன் சார். பொண்ணு பாத்துட்டு வர மாப்ள மாரி மூஞ்ச குனிஞ்சிகினு நடக்கறேன். போதுமா?"

விதி வேலை செய்தது. ஐந்து மாதம் ஒரு புகார் வரவில்லை. நான் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. திரும்பி நடப்பவனைப் பயணிகள் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். ஏழுமலை ஒருநாள் ரயிலில் ஆச்சரியத்தோடு சொன்னார்: "நின்னா மூஞ்ச திருப்பிக்கிறாங்க சார். திரும்பி நடந்தா 'இந்தாப்பா, இந்தாப்பா'ன்னு பின்னாலயே வராங்க. இத்தினி வருசம் தெரியாம பூட்ச்சே!" அதன் பிறகு ஆட்களுக்குள் ஒரு போட்டியே வந்துவிட்டது, யார் எவ்வளவு விறைப்பாகத் திரும்பி நடக்கிறார்கள் என்று. நான் தூரத்தில் நின்று ஒவ்வொருவரின் அடியையும் எண்ணி, என் சின்ன நோட்டில் டிக் போடுவேன். பெருமையாக இருந்தது.

அது ஒரு மே மாதம். பம்பாய் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாக, மதியம் ஒன்றரைக்கு இறங்கியது. நாற்காலி கேட்டிருந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் பிலோமினா அம்மாள். அறுபத்தேழு வயது, கனத்த உடம்பு, முட்டிவலி. மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு ராயபுரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அவரைத் தள்ளி வந்தது ஏழுமலை. வெளிக்கதவருகே என்னைத் தாண்டும்போது அவர்கள் பேச்சு என் காதில் விழுந்தது.

"உனக்கு எந்தப் பக்கம்பா?"

"காசிமேடும்மா. ஐஸ் பேக்டரி தாண்டி."

"அட, நம்மாளு! நான் ராயபுரம்பா, மாதா கோயிலாண்ட. அங்கேந்து இவ்ளோ தூரம் வந்தா நாற்காலி தள்ளிகினு கீற?"

"இன்னா பண்றதும்மா. ஹார்பர்ல கண்டெய்னரு வந்து எங்கள தள்ளிடுச்சு. இப்ப நாங்க உங்கள தள்றோம்."

அந்த அம்மாள் சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் இழுத்தது. கழுத்தெல்லாம் வியர்வை. மே மாதத்தில் யாருக்குத்தான் வியர்க்காது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். எதையும் நினைக்கவில்லை, பார்த்ததோடு சரி.

அவரை அழைத்துப்போக அவருடைய தம்பி மகன் சேவியர் வந்திருந்தான். "அத்தை, இங்கயே குந்து, கார இட்டுகினு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கார் நிறுத்தும் பக்கம் போனான். அழைத்துப்போகிறவர் வந்தாயிற்று. விதிப்படி எல்லாம் சரி. ஏழுமலை அவரைக் கைத்தாங்கலாகப் பெஞ்சில் உட்கார வைத்தார். பையை மடியில் வைத்தார். கும்பிட்டார். நான் ஐந்தாவது தூணை விட்டுச் சற்று விலகி நோட்டோடு நின்றிருந்தேன். நடுவில் யாரும் இல்லை, நன்றாகத் தெரிந்தது.

அந்த அம்மாளின் கை பைக்குள் போனது.

ஏழுமலை உடனே கண்ணைத் தாழ்த்தினார். நாற்காலியைத் திருப்பினார். நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. அந்த அம்மாள் தலையை நிமிர்த்தி அவர் முதுகைப் பார்த்தார். நான்கு, ஐந்து. வாய் அசைந்ததுபோல் இருந்தது, சத்தம் வரவில்லை. பைக்குள் கை துழாவிக்கொண்டே இருந்தது. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் கண்ணை எடுத்துவிட்டேன். பணம் எடுப்பவரை உற்றுப் பார்ப்பது நாகரிகம் இல்லையே என்று. ஏழுமலையின் காலை மட்டும் பார்த்து எண்ணினேன். பதினொன்று, பன்னிரண்டு. ஏழுமலை தூணருகே ஒரு நொடி தயங்கினார், கூப்பிடுவார்களா என்று. கூப்பிடவில்லை. தாண்டிப் போனார். நான் நோட்டில் டிக் போட்டேன்.

பேனாவை மூடுவதற்குள் ஒரு டாக்சிக்காரர் கத்தினார்: "யோவ்! அந்தம்மா வுயுந்துடுச்சுய்யா!"

பெஞ்சிலிருந்து முன்பக்கமாகச் சரிந்து, யாரோ விட்டுப்போன டிராலியின் இரும்பில் நெற்றி மோதி, வலது கை உடம்புக்கு அடியில் மடங்கக் கிடந்தார். பை கவிழ்ந்து சாமான்கள் சிதறியிருந்தன. நான் ஓடினேன் என்று சொல்ல ஆசை. என் கால் எழவில்லை. என்னைத் தாண்டி நாற்காலியோடு ஏழுமலைதான் ஓடினார். சிதறிய சாமான்களுக்கு நடுவில், ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிய ஒரு சின்னப் பாலிதீன் பொட்டலம் கிடந்தது. உள்ளே குளுக்கோஸ் பவுடர். அவிழ்க்க முடியாமல் நகம் கீறிய தடம் அதில் இருந்தது. அந்த அம்மாள் காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார். விமானத்தில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று இருந்தவர், அங்கே தூங்கிப்போயிருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. ஏழுமலைக்கு அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"சார், சுகரு எறங்கிடுச்சு சார்! எங்க மாமாவுக்கு இப்டிதான் வரும். டாக்டர கூப்டுங்க! நிக்காதீங்க சார்!"

பொட்டலத்தைப் பல்லால் கிழித்தார். அந்த அம்மாளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பவுடரை விரலால் தொட்டுத் தொட்டுக் கன்னத்தின் உட்பக்கம் தடவினார். விமான நிலைய டாக்டர் வர எட்டு நிமிஷம் ஆனது. இதைச் செய்யாமல் இருந்திருந்தால் நிலைமை வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று அவர் சொன்னார். ஆனால் டாக்டருக்கு முன்னால் சேவியர் காரோடு வந்துவிட்டான். அவன் கண்ணில் பட்டது என்ன? அத்தை ரத்தத்தோடு தரையில். பை திறந்து கிடக்கிறது. பக்கத்தில் மண்டிபோட்டு ஏழுமலை.

"பைய தொறந்து இன்னாடா எடுக்கற?" என்று ஏழுமலையின் காலரைப் பிடித்தான்.

டாக்சிக்காரர் குறுக்கே வந்து, "யோவ், அவன் எடுக்கலய்யா. ஆனா அந்தம்மா பைல கைய வுட்டுகினு கீது, இவன் பாட்டுக்கு வண்டிய திருப்பிகினு பூட்டான். அத நான் பாத்தேன்" என்றார். உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. துட்டு எடுக்க நேரம் ஆனது, கிழவியை விட்டுவிட்டுப் போய்விட்டான். மாலைக்குள் கதை அப்படி உருவாகிவிட்டது.

மறுநாள் காலைவரை பிலோமினா அம்மாளுக்குத் தன் பெயர் நினைவுக்கு வரவில்லை. நெற்றியில் எட்டுத் தையல். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு.

விசாரணை மறுநாள் மதியம் நடந்தது. மேஜைக்கு அந்தப்பக்கம் விமான நிறுவனத்தின் அதிகாரி, இந்தப்பக்கம் கான்ட்ராக்டர், நான், ஏழுமலை.

"நீங்கள் அங்கேதான் நின்றீர்கள். என்ன பார்த்தீர்கள்?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

கான்ட்ராக்டர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும். பயணியை விட்டுவிட்டு நடக்கச் சொல்லிக் கொடுத்ததே கம்பெனிதான் என்று தெரிந்தால் கான்ட்ராக்ட் போகும். ஒரு ஆள் செய்த தப்பு என்றால் ஒரு ஆளோடு போகும். இருபத்தாறு கழித்தல் ஒன்று. இருபத்தைந்து வீடு. என் மூளை இந்தக் கணக்கைப் போட்டது, அதுவும் வேகமாகப் போட்டது.

"பயணியை அழைத்துப்போகிறவர் வந்த பிறகுதான் ஏழுமலை கிளம்பினார், சார்" என்றேன். பொய் இல்லை. ஆனால் மிச்சத்தைச் சொல்லவில்லை.

"அவர் பையில் கைவிட்டுத் தேடும்போது எதற்காகத் திரும்பிப் போனாய்?" என்று அதிகாரி ஏழுமலையிடம் கேட்டார்.

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். அவர், "தப்பாயிடுச்சு சார்" என்றார். அவ்வளவுதான். நான் சொல்லிக்கொடுத்தது என்று அவர் வாயிலிருந்து வரவே இல்லை. முடிவு தெரியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று கான்ட்ராக்டர் அவரை அனுப்பிவிட்டார்.

தம்பிகளே, விழுந்த அந்த அம்மாளைவிட இந்த இடம்தான் என்னை இன்றைக்கும் தூக்கிவாரிப்போடுகிறது. விழுந்தபோது என் கால் எழவில்லை, அது பயம். இங்கே நாக்கு எழவில்லை. இதற்கு என்ன பெயர் வைப்பது?

ஏழு நாள் போனது. எட்டாம் நாள் காலை, திருவொற்றியூரிலிருந்து நான் வந்த ரயிலில் ராயபுரம் ஸ்டேஷனில் ஏழுமலை ஏறினார். வேலை இல்லாதவர் எங்கே போகிறார் என்று திகைத்தேன். என்னைத் தேடித்தான் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்திருக்கிறார். கண் உள்ளே போயிருந்தது.

"சார், வேல போனா போட்டும் சார். மூட்ட தூக்கனவன், எங்கனா தூக்கிக்கறேன். ஆனா அந்தம்மா ராயபுரம், நான் காசிமேடு. நடுவுல இன்னா கீது? விசயம் பேட்ட பூரா பூட்ச்சு. எம் பொண்டாட்டி மார்க்கெட்டுக்குப் போனா, 'கெய்வி கீய வுயுந்து கெடக்க சொல்ல துட்டு கேட்டவன் பொண்டாட்டி'ன்றாளுங்க. எம் பொண்ணு பள்ளிக்கூடத்துக்குப் போவ மாட்டேன்னு குந்திகினு கீது."

நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன். அவர் உட்காரவில்லை.

"நீங்க சொல்லிக் குடுத்தத்தான சார் செஞ்சேன்?" கோபமே இல்லாமல் கேட்டார், மறந்துபோனதை ஞாபகப்படுத்திக்கொள்பவர்போல. "எங்கூட அந்தம்மா வூட்டுக்கு வாங்க சார். தனியா போனா என்ன உள்ள வுட மாட்டாங்க."

பீச்சில் இறங்கி, திரும்பும் ரயிலில் ஏறினோம். நான் வேலைக்கு மட்டம் போட்டது அந்த வேலையில் அதுதான் முதல் தடவை.

ஹார்பருக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் தெருமுனைவரை வரிசை கட்டி நின்றன. அதைத் தாண்டி ஒரு சந்துக்குள் பிலோமினா அம்மாளின் வீடு. கதவைத் திறந்தது சேவியர்.

"இன்னா தகிரியம் இருந்தா வூட்டாண்ட வருவ நீ? இவரு யாரு, வக்கீலா?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யார்ரா அது? உள்ள வுடு."

கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பிளாஸ்திரி, வலது கையில் மாவுக்கட்டு. ஏழுமலையை வெகுநேரம் பார்த்தார். ஏழுமலை வாசற்படிக்குப் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் உன்ன பாத்தேன்பா" என்றார் அந்த அம்மாள். "வாய் வரல. நாக்கு கட்டிகிச்சு. நம்ம பேட்டக்காரன், பாத்தா புரிஞ்சிப்பான்னு உன்னையே பாத்தேன். நீ மூஞ்ச திருப்பிகினு பூட்ட. அவ்ளோ நேரம் சிரிச்சி பேசிகினு வந்தியே, கடசீல நான் உன்ன இன்னா செஞ்சிட்டேன்? அதத்தான் ஒரு வாரமா யோசிச்சிகினு கீறேன்."

"துட்டு எடுக்கறீங்கன்னு நெனச்சேம்மா."

"பாத்தியா அத்தை! அவனே ஒத்துகினான்!" என்று சேவியர் குதித்தான்.

இனியும் பேசாமல் இருந்தால் நான் மனுஷன் இல்லை என்று தோன்றியது. "நான்தாம்மா சொல்லிக் குடுத்தேன்" என்றேன். "நான் இவங்களுக்கு சூப்பர்வைசர். கை பைக்குள்ள போனா முகத்தப் பாக்காத, திரும்பி நடன்னு சொன்னது நான். அவர் நடந்தப்ப தூரத்துல நின்னு அடி எண்ணிக்கிட்டிருந்தேன். நீங்க நிமிந்து பாத்தத நானும் பாத்தேன். பாத்துட்டுக் கண்ண எடுத்துட்டேன்."

ஏழுமலை என் பக்கம் திரும்பினார். நான் பார்த்தது அவருக்கு அதுவரை தெரியாது.

"எதுக்குய்யா அப்டி ஒரு சட்டம்?" என்றார் அந்த அம்மாள்.

"டிப்ஸ் எதிர்பாத்து நிக்கிறாங்கன்னு உங்கள மாதிரி ஆளுங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னு..."

"எனக்கு சங்கடமா?" நம்பவே முடியாதவர்போல என்னைப் பார்த்தார். "எனக்கு இன்னா சங்கடம்? குடுக்க இஷ்டமிருந்தா குடுப்பேன், இல்லாங்காட்டி போடான்னுவேன். பயம் உங்களுக்கு. எவனாச்சும் எழுதிப் போட்டுடுவான்னு பயம். அத எதுக்கு என் தலைல கட்ற? ஒரு மனுசி மூஞ்சப் பாக்காதன்னு சொல்லிக் குடுப்பாங்களா யாராச்சும்?"

ஐந்து மாதமாகப் பயணிகளுக்காகப் போட்டது என்று நான் நம்பிக்கொண்டிருந்த விதி, அந்தக் கட்டிலுக்கு எதிரே தன் நிஜ முகத்தைக் காட்டிவிட்டது.

"எழுது" என்றார். "என் கை வரல. நான் சொல்றத எழுது. இவன் துட்டு கேக்கல. கீய கெடந்தவள தொட்டுத் தூக்கனது இவன்தான். அத்த எழுது. அப்பறம் நீ சொன்னியே இப்ப, அதயும் உன் பேர் போட்டு எழுது. ரெண்டும் ஒண்ணா போவணும். ஒண்ணு இல்லாம இன்னோண்ணு போச்சுன்னா நான் கையெயுத்து போட மாட்டேன்."

"அத்தை, கேஸு போடலாம்னு சொல்லிகினு இருந்தமே?" என்றான் சேவியர்.

"நீ வாய மூடு. கார எடுக்க எவ்ளோ நேரம்டா ஆவும்? டீ குட்ச்சிட்டுதான வந்த?"

சேவியர் உள்ளே போய்த் தாளும் பேனாவும் எடுத்துவந்தான்.

நான் எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது, ஒன்றரைப் பக்கம் என்னுடையது. அந்த அம்மாள் முழுக்கப் படித்துவிட்டு இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஏழுமலையைப் பார்த்து, "உன் பொண்டாட்டிய நாளைக்கி மார்க்கெட்டுக்குப் போவ சொல்லு. நான் சேவியர இட்டுகினு வரேன். பேசனவளுங்க எதுர்லயே நின்னு பேசறேன்" என்றார். ஏழுமலை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது.

சொன்னபடியே போனார், ஆட்டோ பிடித்து, மாவுக்கட்டோடு.

கடிதத்தை நானே அதிகாரியிடம் கொடுத்தேன். கான்ட்ராக்டர் என்னைக் கூப்பிட்டு, "உங்கள நம்பித்தான வச்சேன்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். கான்ட்ராக்ட் போகவில்லை, மூன்று மாதம் தொங்கலில் கிடந்து தப்பியது. ஏழுமலை திரும்ப வந்தார். மேற்பார்வை வேலை என்னிடமிருந்து போனது. இருக்க விருப்பமானால் நாற்காலி தள்ளலாம் என்றார்கள். ஐம்பத்து மூன்று வயதில் நான் நாற்காலி தள்ள ஆரம்பித்தேன், ஆறு வருஷம் தள்ளினேன். அதன் பிறகுதான் உங்களைப் போன்ற புதியவர்களைப் பழக்கிவிடும் இந்த வேலை.

முதல் நாளே எனக்கு அடுத்த அதிர்ச்சி. நாற்காலிக்குப் பின்னால் நின்றால் பயணியின் உச்சந்தலை மட்டும்தான் தெரிகிறது! சரிவுப்பாதை, லிப்ட், சுங்கம், நீளமான வராந்தா என்று எத்தனை நூறு அடி நடந்தாலும் வெறும் தலைமுடி. பேச்சு கேட்கும், முகம் தெரியாது. அவர் வெளிறிப்போனாலும், உதடு கோணினாலும் தள்ளுகிறவனுக்குத் தெரிய வழியே இல்லை. வாசலில் பெஞ்சில் உட்கார வைக்கும் அந்த ஒரே தருணத்தில்தான் முகத்தை நேருக்கு நேர் பார்க்க முடியும். அந்த ஒரு தருணத்தைத்தான் நான் இருபத்தாறு பேரிடமிருந்தும் பிடுங்கி வைத்திருந்தேன். மேற்பார்வையாளனாக இருந்த ஏழு மாதத்தில் ஒருமுறைகூட நாற்காலியின் பின்னால் நின்று பார்க்காதவன் போட்ட விதி அது.

ஆகவே நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். கை பைக்குள் போனால் முன்னால் வந்து குனிந்து முகத்தைப் பார். "என்ன தேடுறீங்க? எடுத்துத் தரட்டுமா?" என்று கேள். கேட்கக் கூச்சமாக இருக்கும். பத்தில் ஒன்பது பேர் பணம்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீ காசுக்கு அலைவதாக நினைப்பார்கள். நினைக்கட்டும். பதில் வந்து, முகமும் சரியாக இருந்தால் மட்டும் கிளம்பு. அழைத்துப்போக வந்தவர் கார் எடுக்கப் போயிருந்தால், கார் வரும்வரை நீயும் போகாதே. நாற்காலி போதவில்லை என்று மேலே இருப்பவர் கத்துவார். கத்தட்டும்.

நான் தள்ள ஆரம்பித்த இரண்டாவது வாரம் ஒரு பெரியவரை உட்கார வைத்தேன். வெள்ளை ஜிப்பா, தடித்த கண்ணாடி. கை பைக்குள் போனது. முன்னால் போய்க் குனிந்து, "என்ன சார் தேடுறீங்க? எடுத்துத் தரட்டுமா?" என்றேன்.

அவர் கையை வெளியே உருவினார். கையில் பணப்பை.

"ஏன்யா, அதுக்குள்ள அவசரமா? உள்ள கைவிட்டு நீயே எடுத்துக்குவியா? இந்த வயசுல உனக்கு வெட்கமா இல்ல?"

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பணப்பையைத் திறக்காமலே பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டார். நான் நிமிராமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னம் சிவந்திருந்தது. நெற்றியில் வியர்வை இல்லை. வார்த்தை ஒன்றுகூடக் குழறவில்லை. கண்ணில் தெளிவான, திடமான கோபம். "மன்னிச்சுக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு, அவருடைய கார் வந்து, கதவு சாத்தி, வண்டி கிளம்பும்வரை நின்றேன். ஜன்னல் வழியாக இன்னும் ஏதோ திட்டிக்கொண்டே போனார். நிம்மதியாக நாற்காலியைத் திருப்பினேன்.